நாற்காலியின் மறுபுறம்

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று இரண்டு நாட்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு சகோதரி. பெயரும் ஊரும் இங்கு வேண்டா, செய்தி போதும்.

அவருடைய கணவருக்கு வயது 47. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுபவராகச் சேர்ந்து, 22 ஆண்டுகளில் படிப்படியாக உயர்ந்து, 300 பேருக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் நடத்தி வந்த பிரிவையே நிறுவனம் மூடிவிட்டது. பிறருக்காக மென்பொருள் செய்து கொடுத்த காலம் போதும், இனிச் சொந்தமாக ஒரு பொருளை உருவாக்கி விற்கும் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஐந்து இடங்களில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஐந்திலும் இல்லை என்ற விடையே வந்தது. கடைசியாகச் சென்று திரும்பிய இரவு, கார் வந்து நின்ற ஓசை கேட்டும் அவர் மாடிக்கு வரவில்லை. சகோதரி எட்டிப் பார்த்தபோது, விளக்கை அணைத்துவிட்டுக் காருக்குள்ளேயே அமர்ந்திருந்தாராம். அரைமணி நேரம் அப்படியே இருந்தாராம்.

"பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன், 'அப்பா இன்றைக்கும் ஃபெயிலா அம்மா?' என்று கேட்கிறான். நான் என்ன சொல்வேன்? இத்தனை அனுபவம் உள்ளவரை, முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவர் கேள்வி கேட்டு மடக்குகிறார். இது அவமானமன்றோ?" என்று மடல் முடிகிறது.

அவமானமன்று, சகோதரி. ஆயினும் வலி உண்டு. அவ்வலியை நாமும் அறிவோம்.

நாம் கணிப்பொறித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தேர்வுக் குழுக்களில் அமர்ந்து, எதிரே வந்து அமர்ந்தோரைக் கேள்வி கேட்டவர். பின்னர் 46-ஆம் வயதில் நாற்காலியின் மறுபுறம் சென்று அமர நேர்ந்தது. அங்கிருந்து பார்க்கையில் அறையே வேறாகத் தெரிகிறது. நாம் முன்பு எவ்வளவு எளிதாகக் கேட்ட கேள்விகள், நம்மிடம் கேட்கப்பட்டபோது எவ்வளவு கனத்தன!

எதிரே இருந்தவர் ஓர் இளம்பெண். "பழைய கணிப்பொறி அமைப்பிலிருந்து புதியதற்கு மாறிய அந்தப் பெரும் பணியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நாமும் உற்சாகமாகத் தொடங்கினோம். "நாங்கள் திட்டம் வகுத்தோம், நாங்கள் ஆட்களைப் பயிற்றினோம், நாங்கள் குறித்த நாளில் முடித்தோம்" என்றோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவர், "ஐயா, அதில் தாங்கள் செய்தது என்ன?" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். செய்யாததால் அன்று, சொல்லிப் பழகாததால். அப்பணி நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது முறையே என்று இன்று உணர்கிறோம்.

இங்கேதான் நம்மவர் பலர் தடுக்கி விழுகின்றனர். 'நான்' என்று சொல்வது செருக்கு, 'நாங்கள்' என்று சொல்வதே பண்பு என்று சிறு வயது முதல் நமக்குக் கற்பிக்கப்பட்டது. வீட்டிற்கும் ஊருக்கும் அது நல்ல பாடந்தான். இப்பகுதியில்கூட 'நாம்' என்றே எழுதி வருகிறோம். அது இதழ் மரபு. ஆனால் தேர்வு அறையில் அம்மரபு உதவாது. 'நாங்கள்' என்னும் சொல்லுக்குப் பின்னே இருவர் நிற்கக்கூடும். ஒருவர், சுமையெல்லாம் தாமே சுமந்து, அடக்கத்தால் சொல்லாதவர். மற்றவர், எதையும் சுமக்காமல் கூட்டத்தோடு நடந்து வந்தவர். கேட்பவர் இவ்விருவரையும் எவ்வாறு பிரித்தறிவார்? ஆதலின் அடக்கம் என்று நாம் நினைப்பது, அங்கே மறைப்பாக மாறிவிடுகிறது.

இதற்கு மாற்றாக எல்லாவற்றையும் 'நான், நான்' என்று அள்ளிக்கொள்வதும் பொய்யே. முந்நூறு பேர் செய்ததை ஒருவர் தம் தலைமேல் ஏற்றிக்கொள்வதைத் தேர்வாளர் நொடியில் கண்டுகொள்வார். வேண்டுவது பணிவும் அன்று, பெருமையும் அன்று, சரியான கணக்கு. இது நான் செய்தது, இது பிறர் செய்தது, இது நான் தவறவிட்டது என்று மூன்று பத்தியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே தலைமைக்குத் தகுந்தவர். இம்மடலுக்கு நாம் சொல்லும் விடையின் சாரம் இதுவே.

தலைமைப் பதவிக்கான தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை வீட்டிலுள்ளோரும் அறிந்திருத்தல் நலம். கல்லூரி முடித்த இளைஞருக்கு நடப்பது போல ஒரே நாளில் முடிவதன்று அது. முதலில், ஆள் தேடும் முகவர் தொலைபேசியில் அழைத்து, ஊதியம் எவ்வளவு, பழைய பணியிலிருந்து விடுபட எத்தனை நாள் என்று கேட்பார். நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள். பின்னர், யாருக்குக் கீழே பணிபுரிய வேண்டுமோ அவருடன் உரையாடல். பிறகு ஒரு வெண்பலகையின் முன் நிறுத்தி, "ஒரு கோடிப் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அமைப்பை எவ்வாறு கட்டுவீர்கள்? ஓர் இடத்தில் பழுதானால் மற்றவை நில்லாமல் இயங்க என்ன வழி?" என்று கேட்பார்கள். அடுத்து, ஆட்களை நடத்தும் முறை பற்றிய கேள்விகள். உடன் பணிபுரியப் போகும் பிற துறைத் தலைவர்கள் பார்ப்பார்கள். சில இடங்களில், கீழே பணிபுரியப் போகிறவர்களும் பார்ப்பார்கள். இளையவர் ஒருவர் கேள்வி கேட்டது இதனால்தான். நாளை தமக்குத் தலைவராக வருபவர் எத்தகையவர் என்று அறிய அவருக்கு உரிமை உண்டன்றோ? அவரை மதித்து விடை சொல்லுகிறாரா, வயதைக் காட்டி ஒதுக்குகிறாரா என்பதே அங்குக் கவனிக்கப்படுகிறது.

பதவியின் பெயரும் மயக்கம் தருவது. தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் என்பவர், பொதுவாக, நிறுவனம் எந்தத் தொழில்நுட்ப வழியில் செல்ல வேண்டும் என்று தீர்மானிப்பவர். பொறியியல் துணைத் தலைவர் என்பவர், ஆட்களைத் திரட்டிக் குறித்த காலத்தில் வேலையை முடித்துத் தருபவர். சிறு நிறுவனங்களில் இரண்டும் ஒருவரே. முந்நூறு பேரை நடத்தியவர் இரண்டாவதற்குப் பொருந்தலாம். முதலாவதற்கு விண்ணப்பித்துவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. எந்த வேலை என்பதை முதல் உரையாடலிலேயே கேட்டுத் தெளிய வேண்டும்.

இத்தேர்வுகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது, 'என்ன செய்வீர்கள்?' என்பதைவிட 'என்ன செய்தீர்கள்?' என்பதே. மேலதிகாரியோடு கருத்து மாறுபட்டது உண்டா? ஒருவரைப் பணியிலிருந்து நீக்க நேர்ந்ததா? தோல்வியுற்ற திட்டம் எது? எடுத்துக்காட்டாக, அமேசான் நிறுவனம் தன் தலைமைக் கோட்பாடுகளை எழுதி வெளியிட்டுள்ளது. 2021-ல் இரண்டு சேர்ந்து அவை 16 ஆயின. அங்கு வருவோரிடம், அக்கோட்பாடுகளை ஒட்டித் தம் வாழ்வில் நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்லுமாறு கேட்கிறார்கள். பிற நிறுவனங்களும் இம்முறையை ஏதேனும் ஒரு வகையில் பின்பற்றுகின்றன.

இக்கேள்விகளுக்கு விடை சொல்ல நான்கு படிகளைப் பரிந்துரைப்பது வழக்கம்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன. கேட்க எளிது, சொல்லக் கடினம். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தீபாவளிக்கு முந்தைய நாள், கடைகளுக்குப் பணம் செலுத்தும் அமைப்பு நான்கு மணி நேரம் நின்றுபோயிற்று என்று கொள்வோம்.

ஒருவர் சொல்லுகிறார்: "எங்கள் குழுவில் ஒருவர் செய்த தவற்றால் அமைப்பு நின்றது. நாங்கள் இரவெல்லாம் உழைத்துச் சரிசெய்தோம்."

மற்றொருவர் சொல்லுகிறார்: "புதிய நிரலை முழுதும் சோதிக்காமல் வெளியிட வேண்டா என்று ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார். பண்டிகைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், வெளியிட இசைந்தவன் நான். நின்றதும் பழைய நிரலுக்குத் திரும்ப ஆணையிட்டேன். கடைக்காரர்களுக்கு நானே அழைத்துச் சொன்னேன். பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்தப் பொறியாளர்தான். அதன் பின், சோதனை முடியாத எதையும் நான் சொன்னாலும் வெளியிடக் கூடாது என்று விதி செய்தோம்."

எவரிடம் நாம் நம் பணத்தை ஒப்படைப்போம்? இரண்டாமவரிடந்தான். தவற்றை ஒத்துக்கொண்டதால் அவர் சிறுத்துப் போகவில்லை. அவர் விடையில் 'நான்' வருகிறது, அந்தப் பொறியாளரும் வருகிறார், தவறும் வருகிறது. விதி செய்த இடத்தில் மட்டும் 'செய்தோம்' என்கிறார். அது உண்மையிலேயே எல்லாரும் கூடிச் செய்தது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும் இக்கணக்கில் சேர்ந்ததே. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஜிமெயில் என்னும் மின்னஞ்சல் சேவையை அந்நிறுவனம் அறிவித்த நாளும் அதுவே. ஏப்ரல் முதல் நாள் ஆதலின், அஃது ஒரு வேடிக்கையாக இருக்கும் என்று அவர் எண்ணினாராம். அதைப் பற்றி அடுத்தடுத்துக் கேட்டபோது, தாம் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். நான்காவதாகக் கேட்டவர் அதைத் திறந்து காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோதுதான் அவரால் கருத்துச் சொல்ல முடிந்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார். பாராததைப் பார்த்ததாகப் பாசாங்கு செய்திருந்தால், திறந்து காட்டுவார் யார்? 2015-ல் அவர் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தது நாம் அறிந்ததே.

"இவருக்கு எங்கள் துறை புதிது" என்று சொல்லி மறுத்தார்கள் என்றும் சகோதரி எழுதியுள்ளார். துறை மாறுவோர் அனைவரும் கேட்கும் சொல் இது. 1993-ல் ஐ.பி.எம். நிறுவனம் நடந்துகொண்ட விதத்தை இங்கு நினைவுகூரலாம். அதற்கு முந்தைய ஆண்டில் அந்நிறுவனம் அடைந்த நட்டம் ஏறத்தாழ 500 கோடி டாலர். அதைத் தலைமை தாங்க அழைக்கப்பட்ட லூயி கெர்ஸ்ட்னர், பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஒரு நிறுவனத்தின் தலைவர். கணிப்பொறித் தொழில்நுட்பத்தில் தமக்குப் பின்புலம் இல்லை என்று சொல்லி முதலில் அவரே மறுத்தார். ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது. முன்பு ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் இருந்தபோது, ஐ.பி.எம்.மின் வாடிக்கையாளராக இருந்து பார்த்தவர் அவர். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டை நிறுத்தி, ஒன்றாகவே வைத்துக் காத்தார்.

இதிலிருந்து சகோதரியின் கணவர் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. புதிய துறையில் தமக்கு இல்லாததை மூடி மறைக்க வேண்டா. பழைய துறையிலிருந்து தாம் கொண்டு வருவது எது, அது புதிய இடத்திற்கு எவ்வாறு பயன்படும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 22 ஆண்டுகள் வாடிக்கையாளரின் கோபத்தை நேரில் கேட்டவர் அவர். பொருள் செய்து விற்கும் நிறுவனத்தில், அக்கோபத்தை அத்தனை அருகில் நின்று கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்?

"ஏன் பழைய பணியை விட்டீர்கள்?" என்ற கேள்விக்கும் ஒரே வரி போதும்: "என் பிரிவு மூடப்பட்டது, என் பணியும் அதனோடு முடிந்தது." இதில் வெட்கப்பட ஏதுமில்லை. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அமெரிக்காவில் எச்-1பி அனுமதியில் பணிபுரிந்த நம் பிள்ளைகள் பலர், 60 நாட்களுக்குள் வேறு பணி தேட வேண்டிய நிலைக்கு ஆளாயினர். அவர்கள் அனைவரும் திறமையற்றவர் என்று எவரும் சொல்லார். பழைய நிறுவனத்தைத் தூற்றுவதும் வேண்டா. நாளை நம்மையும் இவர் இவ்வாறு தூற்றுவார் என்றே கேட்பவர் எண்ணுவார்.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். நேர்முகத் தேர்வு மனிதரை அளக்கும் பிழையற்ற தராசு அன்று. பால் சாக்கெட் என்னும் உளவியலாரும் அவருடன் பணியாற்றியோரும், பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் ஒரு கணக்கை வெளியிட்டனர். தேர்வில் பெற்ற மதிப்பீடும், பின்னர் பணியில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே கேள்வி. முழுப் பொருத்தத்தை 1 என்று வைத்தால், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை முறைப்படி கேட்கும் நேர்முகத் தேர்வு பெற்றது 0.42, மனம் போனபடி பேசிப் பார்க்கும் தேர்வு பெற்றது 0.19. ஆளைத் தேர்ந்தெடுக்க இன்றுள்ள வழிகளில் முறைப்படி நடப்பதே முதலிடம் பெற்றது. அதுவே பாதியைத் தொடவில்லை. தலைமைப் பதவியோ ஒன்றே ஒன்று. உள்ளேயே இருந்த ஒருவருக்கு அது போயிருக்கலாம். அந்த இடத்தையே நிறுவனம் கைவிட்டிருக்கலாம். ஆகவே ஐந்து மறுப்புகள் ஐந்து தீர்ப்புகள் அல்ல. மகன் கேட்டதற்கு விடை இதுதான், சகோதரி: இது பள்ளித் தேர்வன்று, இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்துத் தேரும் செயல் இது.

இரு தரப்பாரும் என்று அழுத்திச் சொல்லுகிறோம். தேர்வின் இறுதியில், "தாங்கள் ஏதும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். பலர் ஒன்றுமில்லை என்று எழுந்து விடுகிறார்கள். அது பிழை. முன்பு இப்பதவியில் இருந்தவர் ஏன் விலகினார்? ஓராண்டு கழித்து எதைக் கண்டால், என்னை எடுத்தது சரி என்பீர்கள்? முடியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை உண்டு? இம்மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். விடை சொல்லத் தயங்கும் இடத்தில், பணி கிடைக்காததே நன்மையாகவும் இருக்கலாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு மாலை, காபி வைத்துக் கொடுத்து, "இத்தனை ஆண்டும் ஆபீசில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பன்னிரண்டு நிகழ்ச்சிகள் போதும். அவற்றுள் இரண்டு தோல்விகளாக இருக்கட்டும். ஒன்று, தாம் வளர்த்துவிட்ட இளையவர் ஒருவரைப் பற்றியதாக இருக்கட்டும். அவர் 'நாங்கள்' என்னும்போதெல்லாம், "அதில் நீங்கள் செய்தது எது?" என்று கேளுங்கள். 'நான்' என்னும்போதெல்லாம், "உடன் இருந்தவர் யார்?" என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்குக் கணிப்பொறி அறிவு தேவையில்லை. எந்தப் பயிற்சி நிலையமும் இதைவிட நன்றாகப் பயிற்றிவிடாது.

அப்போது இன்னொன்றும் நிகழும் என்று எதிர்பார்க்கிறோம். 22 ஆண்டுகள் காலையில் சென்று இரவில் திரும்பிய மனிதர், இடையில் எதைச் சுமந்தார் என்பதை வீடு முதன்முறையாகக் கேட்கும். மகனும் அருகில் அமர்ந்து கேட்கட்டும். வேலை கிடைக்கும் நாள் நம் கையில் இல்லை. ஆனால் தம் உழைப்பைத் தம் வாயால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லக் கற்றவர், எந்த அறைக்குள்ளும் தலை நிமிர்ந்து நுழைவார். வெளியே வரும்போதும் தலை நிமிர்ந்தே வருவார்.

ஆறாவது இடத்திற்கு அவர் சென்று திரும்பும் இரவு, கார் வந்து நிற்கும் ஓசை கேட்டால், மாடியிலேயே காத்திராதீர்கள், சகோதரி. கீழே இறங்கிச் சென்று, பக்கத்து இருக்கையில் அமருங்கள். முடிவு என்ன என்று கேட்க வேண்டா. "இன்றைக்கு என்ன கேட்டார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.